உங்க வீட்டு பட்டாளத்து ஆபீசர் கதைய தேடிப் புடிச்சு எழுதுறது எப்படி (ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படைல இருந்தவங்க குடும்பத்துக்கு)

எங்க வீட்டுக்கு ஊர்ல பேரே சுபேதார் வீடுதான். உச்சிப்புளி பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது, பஸ்ஸ விட்டு இறங்கி யார்கிட்ட கேட்டாலும் கை காட்டுவாங்க. ஆனா ஐயா, அதாவது எங்க அப்பாவோட அப்பா, எந்த ரெஜிமெண்ட், எந்த சண்டைக்குப் போனாரு, எந்த வருஷம் வந்தாருன்னு கேட்டா வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. "பீரங்கிப் படை, பெரிய ஆபீசரு, ஆப்பிரிக்கா பாலைவனத்துல ரோமலோட சண்டை போட்டவரு", இவ்ளோதான் எங்க அப்பா தலைமுறைக்கு தெரிஞ்சது (ரோமல்னா அங்க சண்டை போட்ட ஜெர்மன் தளபதி). நான் ரெண்டு வருஷம் தேடுனதுல அதுல பாதி தப்புன்னு தெரிஞ்சுச்சு, தப்புன்னு தெரிஞ்சப்ப கொஞ்சம் வலிச்சது, ஆனா உண்மையில நடந்தது அதைவிட பெருசா இருந்துச்சு. ராமநாதபுரம் கரையோரத்துல இந்த மாதிரி ஜமேதார் வீடு, சுபேதார் வீடு, கேப்டன் வீடுன்னு எத்தனையோ இருக்கு. நேர்ல பாத்தவங்க எல்லாம் இப்ப எம்பதத் தாண்டிட்டாங்க. அதனால நான் பண்ணதையும் பண்ணாம விட்டதையும் சேத்து வரிசையா சொல்றேன், உங்க வீட்டுக்கு எது பொருந்துதோ அத எடுத்துக்கங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். அவர் எந்த மாதிரி ஆபீசர்? நம்ம ஊர்ல பெரிய மீசையும் தகர டிரங்கு பெட்டியுமா போட் மெயில் ரயில்ல வந்து இறங்குனவங்க எல்லாருமே ஆபீசர்தான். ஆனா பேப்பர் தேடப் போகும்போது இந்த வித்தியாசம் தெரியலன்னா தப்பான கதவைத் தட்டிக்கிட்டே இருப்பீங்க. வெள்ளக்காரன் காலத்துல ரெண்டு வகை. ஒண்ணு, கமிஷன், அதாவது அதிகாரியா நியமிக்கற ஆணை, வாங்குன ஆபீசர், லெப்டினன்ட், கேப்டன், மேஜர்னு போறவங்க. இங்கிலாந்துல சேண்ட்ஹர்ஸ்ட், உல்விச் ராணுவ அகாடமிங்கள்ல படிச்சு வந்த இந்தியர்கள் கொஞ்சம் பேர், 1932ல டேராடூன் அகாடமி வந்ததுக்கு அப்புறம் அங்க படிச்சவங்க, ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அவசரமா எடுத்த எமர்ஜென்சி கமிஷன் ஆளுங்க. இன்னொரு வகை வைஸ்ராய் கமிஷன் ஆபீசர், ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். சாதாரண கன்னரா, அதாவது பீரங்கிப் படை சிப்பாயா, சேந்து நாயக், ஹவில்தார்னு ஏறி அந்த இடத்துக்கு வந்தவங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் இவங்கதான் ஜேசிஓ, ஜூனியர் கமிஷன்டு ஆபீசர். ஜமேதார்ங்கற பேரு 1965ல நாயப் சுபேதார்னு மாறுச்சு, அதனால "எங்க ஐயா ஜமேதாரா ரிட்டையர் ஆனாரு"ன்னு பேப்பர் சொன்னா 1965க்கு முந்தின கதைன்னு வச்சுக்கலாம். 1962 சீனப் போருக்கு அப்புறமும் எமர்ஜென்சி கமிஷன் குடுத்தாங்க, அதுக்காகத்தான் 1963ல பரங்கிமலைல ஆபீசர்ஸ் டிரெய்னிங் ஸ்கூல் தொடங்குனது, இப்ப அதுதான் ஓடிஏ, ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி. பழைய மெட்ராஸ் ஆர்ட்டிலரிக்கு தலைமை இடமா இருந்ததும் இதே பரங்கிமலைதான்.

போட்டோவ வச்சு எப்படி கண்டுபிடிக்கிறது? தோள்பட்டைய பாருங்க. ரெண்டு நட்சத்திரம் இருந்தா உடனே லெப்டினன்ட்னு முடிவு பண்ணிடாதீங்க, சுபேதாருக்கும் ரெண்டுதான். ஜேசிஓன்னா நட்சத்திரத்தோட குறுக்க ஒரு பட்டி இருக்கும், சிவப்பு மஞ்சள் சிவப்பு. கருப்பு வெள்ளைல கலர் தெரியாது, ஆனா ஒரு குறுக்குப் பட்டி மங்கலாவாவது தெரியும், லென்ஸ் வச்சுப் பாருங்க. தொப்பி பேட்ஜ்ல பீரங்கி உருவம் இருந்தா ஆர்ட்டிலரி. போட்டோவ பிரேம்ல இருந்து மெதுவா வெளிய எடுத்து பின்னாடி பாக்கணும், இத நிறைய பேர் செய்றதே இல்ல. எடுத்த ஸ்டுடியோ சீல் அங்க இருக்கும். எங்க வீட்டு போட்டோ பின்னாடி தேவ்லாலின்னு இருந்துச்சு. தேவ்லாலி நாசிக் பக்கம் இருக்கற ஊர், ஆர்ட்டிலரி ஸ்கூல் அங்கதான். அந்த ஒரு சீல்தான் எங்களுக்கு முதல் நூல்.

அடுத்தது மெடல். இதுலதான் எங்க ரோமல் கதை உடைஞ்சது. ரெண்டாம் உலகப்போர் ஸ்டார் மெடல் எல்லாம் ஆறு முனை, பித்தளை மாதிரி நிறம், பாக்க ஒரே மாதிரி, நடுவுல எழுதியிருக்கறதும் ரிப்பன் கலரும்தான் வேற. ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பன் மணல் கலர், நடுவுல அகலமா சிவப்பு, ஒரு பக்கம் கருநீலக் கோடு இன்னொரு பக்கம் வெளிர்நீலக் கோடு. பர்மா ஸ்டார் கருநீலம், நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கோடு. எங்க பெட்டில இருந்தது பர்மா ஸ்டார். ஆப்பிரிக்கா ஸ்டார் 10 ஜூன் 1940ல இருந்து 12 மே 1943 வரைக்கும் அந்த போர்முனைல இருந்தவங்களுக்கு குடுத்தது. ஐயா அங்க போயிருந்தா அது கண்டிப்பா அவர் நெஞ்சுல இருந்திருக்கும். பர்மா ஸ்டார் இருக்குன்னா அவர் பர்மாவுக்குள்ளயே போனாருன்னு அடிச்சு சொல்லவும் கூடாது, ஏன்னா அஸ்ஸாம்லயும் வங்காளத்துலயும் சில பகுதில குறிப்பிட்ட காலத்துல டியூட்டி பாத்தவங்களுக்கும் அது கிடைச்சுது. மெடல் வட்டாரத்த மட்டும் சொல்லும், ஊர் பேர் சொல்லாது, அதுக்கு வேற பேப்பர் வேணும்.

மெடலோட விளிம்பையும் பாக்கணும், முகத்த மட்டும் பாத்தா போதாது. சுதந்திரத்துக்கு அப்புறம் குடுத்த மெடல்கள்ல, 1947 இந்தியன் இண்டிபெண்டன்ஸ் மெடல், காஷ்மீர் சண்டைக்கு குடுத்த ஜெனரல் சர்வீஸ் மெடல், 1965க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல், 1971க்கு பூர்வி ஸ்டார், பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், இதுங்கள்ல ஓரத்துலயோ பின்பக்கத்துலயோ நம்பர், ரேங்க், பேரு பொறிச்சிருக்கும். எங்களுக்கு ஐயாவோட சர்வீஸ் நம்பர் கிடைச்சதே ஜம்மு காஷ்மீர்னு பட்டை போட்ட மெடலோட ஓரத்துலதான். அந்த நம்பர் கிடைச்சா பாதிக் கிணறு தாண்டுன மாதிரி. ஒரே பேர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க, நம்பர் ஒருத்தருக்குத்தான்.

தயவு செஞ்சு மெடலுக்கு புளி போட்டு தேய்க்காதீங்க. நம்ம வீடுகள்ல குத்துவிளக்கு மாதிரி நினைச்சு பொங்கலுக்கு பொங்கல் புளியும் சாம்பலும் போட்டு பளபளன்னு ஆக்கிடுறாங்க, அதுல விளிம்பு எழுத்து தேஞ்சு போகுது. எங்க வீட்ல ஒரு மெடல்ல கடைசி ரெண்டு எண் அப்படித்தான் போச்சு. உப்புக்காத்துக்கு களிம்பு ஏறத்தான் செய்யும், மெத்துன்னு இருக்கற காய்ஞ்ச பருத்தித் துணியால துடைச்சு, தனித்தனியா சுத்தி, காத்து புகாத டப்பாவுல வச்சா போதும்.

நம்பர் வேற எங்க கிடைக்கும்? டிஸ்சார்ஜ் புக். அது இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, சேந்த தேதி, விலகுன தேதி, அப்பா பேரு, ஊரு, தாலுகா, மச்ச அடையாளம், வாங்குன மெடல் எல்லாம் அதுலயே இருக்கும். அது இல்லன்னா பிபிஓ, அதாவது பென்ஷன் ஆர்டர். ஐயா போனதுக்கு அப்புறம் அப்பத்தாவுக்கு குடும்ப பென்ஷன் வந்திருக்கும்ல, அந்த பேப்பர்லயும் நம்பர், ரேங்க், எந்த ரெக்கார்ட் ஆபீஸ்னு எல்லாம் இருக்கும். பேங்க் பாஸ்புக்குக்கு நடுவுல, ரேஷன் கார்டு கவர்ல, சாமி படத்துக்கு பின்னாடின்னு எல்லா இடமும் தேடுங்க. எங்க அப்பத்தா அத ஒரு பனையோலைக் கொட்டான்ல, வெத்தலபாக்கோட வச்சிருந்துச்சு.

பழைய கடுதாசி இருந்தா கவரை தூக்கிப் போட்டுட்டு உள்ள இருக்கறத மட்டும் வச்சுக்காதீங்க. கவர்தான் நமக்கு முக்கியம். போர்க்கால கவர்ல எஃப்பிஓன்னு போட்டு ஒரு நம்பரோட முத்திரை இருக்கும், ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ். எந்த நம்பர் எந்த மாசம் எந்த ஊர்ல இருந்துச்சுன்னு தபால் வரலாறு சேகரிக்கறவங்க பட்டியலே போட்டு வச்சிருக்காங்க. கடுதாசில "இருக்கும் இடம் நலம்"னு மட்டும்தான் எழுதியிருப்பாங்க, சென்சார் விடமாட்டான், ஆனா முத்திரை இடத்த சொல்லிடும். சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த கவர்ல 56 ஏபிஓன்னு (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) இருந்தா மேற்கு, வடக்கு பக்கம், 99 ஏபிஓன்னா கிழக்குப் பக்கம். 1971ல எந்த முனைல இருந்தாருன்னு தெரியாம முழிக்கற குடும்பங்களுக்கு இது ஒண்ணே போதும்.

இப்ப ஆபீசுக்கு எழுதுறது. ஜேசிஓ, ஜவான்னா ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸ், நாசிக் ரோடு கேம்ப். கமிஷன் ஆபீசர்னா டெல்லில ராணுவத் தலைமையகம். ரெண்டையும் மாத்தி எழுதுனா பதிலே வராது, இல்ல வேற ஆபீசுக்கு போகச் சொல்லி பதில் வரும். முதல்ல ராமநாதபுரத்துல இருக்கற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு போய் விசாரிங்க, கடுதாசி எப்படி எழுதணும், என்ன இணைக்கணும்னு அங்கயே கேட்டுக்கலாம். நேரடியா எழுதுறதா இருந்தா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், நல்ல வழி, கட்டணம் 10 ரூபா, போஸ்டல் ஆர்டர் எடுத்து அனுப்பலாம், ஆன்லைன்லயும் போடலாம். 30 நாள்ல பதில் வரணும். தனிநபர் தகவல்னு மறுக்க வாய்ப்பு இருக்கு, அதனால வாரிசு சான்றிதழ், இறப்பு சான்றிதழ், உங்க ஆதார் நகல் வச்சு, நான் இவரோட பேரன் அல்லது பேத்தின்னு முதல் வரிலயே சொல்லிடுங்க. 20 வருஷத்துக்கு முந்தின விஷயங்களுக்கு அந்த மறுப்பு பொருந்தாதுன்னு சட்டத்துலயே 8(3)ன்னு ஒரு பிரிவு இருக்கு, அதையும் குறிப்பிடுங்க.

கேள்விய எப்படி கேக்கறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. "எங்க தாத்தா வாழ்க்கை வரலாறு வேணும்"னு கேட்டா ஒண்ணும் வராது. சேந்த தேதி, பயிற்சி எடுத்த இடம், எந்தெந்த யூனிட்ல எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், பதவி உயர்வு தேதிகள், வாங்குன மெடல்கள், விலகுன தேதியும் காரணமும், இப்படி தனித்தனியா கேளுங்க. லாங் ரோல்னு ஒரு பதிவேடு உண்டு, அதோட நகல் வேணும்னு சேத்துக் கேளுங்க. எனக்கு முதல் தடவ ஆவணம் கிடைக்கலன்னு ஒரே வரில பதில் வந்துச்சு. மனசு விட்டுட்டேன், மூணு மாசம் தொடவே இல்ல. அப்புறம் பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க நாலு விதமா எழுதி, நம்பரையும் போட்டு மறுபடி அனுப்புனேன், அப்ப வந்துச்சு. நம்ம பேருங்கள வடநாட்டு கிளார்க் காதுல விழுந்த மாதிரிதான் எழுதியிருப்பாங்க, முனியசாமி முனிசாமி ஆகியிருக்கும், அப்பா பேரும் மகன் பேரும் இடம் மாறியிருக்கும்.

ஊர் பேர்லயும் கவனமா இருங்க. பழைய பேப்பர் எல்லாத்துலயும் ராமநாதபுரம்னு இருக்காது, ராம்நாட்தான். அந்த ராம்நாட் மாவட்டம்ங்கறது 1985 வரைக்கும் சிவகங்கை, விருதுநகர் எல்லாம் சேந்தது. அதனால ராம்நாட்னு பாத்ததும் நம்ம கரைக்காரர்னு நினைச்சு வேற ஒருத்தர் கதைய எடுத்துட்டு வந்துடாதீங்க, தாலுகா, கிராமம் ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

போர்ல இறந்து போனவரா இருந்தா வழி வேற. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல இலவசமா தேடலாம், பேரு, யூனிட், இறந்த தேதி, சில சமயம் அப்பா பேரும் ஊரும் கூட இருக்கும். ரெண்டு உலகப்போர்ல இறந்தவங்க மட்டும்தான் அதுல, உயிரோட திரும்பி வந்தவர அதுல தேடி நேரத்த வீணாக்காதீங்க. பர்மா சண்டைல இறந்து கல்லறை இல்லாதவங்க பேரு ரங்கூன் பக்கம் டாக்கியான்ல இருக்கற நினைவுச் சின்னத்துல இருக்கு, கிட்டத்தட்ட 27,000 பேரு. அதுல நம்ம ஆளுங்க பேரும் இருக்கு, ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது.

யூனிட் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பிக்குது. தனி ஆளப் பத்தி பேப்பர் ரெண்டு பக்கம்தான் இருக்கும், ஆனா ரெஜிமெண்டப் பத்தி தினம் தினம் எழுதி வச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு வார் டைரி. ரெண்டாம் உலகப்போர் டைரிங்க லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இருக்கு. அங்க ஃபைல் வரிசைக்கு நம்பர் உண்டு, தென்கிழக்கு ஆசிய முனைக்கு டபிள்யூஓ 172, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்காவுக்கு டபிள்யூஓ 169. வீர விருது சிபாரிசு கடுதாசிங்க டபிள்யூஓ 373ல இருக்கு, அத ஆன்லைன்லயே எடுக்கலாம். டைரிய பெரும்பாலும் யாராவது நேர்ல போய் போட்டோ எடுக்கணும், அங்க வேலை பாக்கற, படிக்கற நம்ம ஊர் பிள்ளைங்க யாராவது இருப்பாங்க, கேட்டுப் பாருங்க. பழைய இந்திய ராணுவ கமிஷன் ஆபீசர்களோட சர்வீஸ் ஃபைல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ஆவணங்களோட இருக்கு. டெல்லி நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இருக்கறத அபிலேக் படல்ங்கற தளத்துல தேடலாம். கமிஷன் கிடைச்ச தேதி, விருது எல்லாம் லண்டன் கெஜட்ங்கற பிரிட்டிஷ் அரசிதழ்ல இருக்கும், அதுவும் இலவசம்.

தேடிப் பழகணும்னா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தர் வாழ்க்கைய முதல்ல எடுத்துப் பாருங்கன்னு சொல்வேன், எனக்கு அப்படித்தான் பிடிபட்டுச்சு. ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன், மெட்ராஸ் மாகாணத்துக்கு முதல் மந்திரியா இருந்த சுப்பராயனோட மகன். 1913 ஜூலை 1ல பிறந்தவர், உல்விச்ல படிச்சு 1933ல கமிஷன், ஆர்ட்டிலரி. 1942ல லிபியாவுல ஃபீல்டு பேட்டரிக்கு, அதாவது ஒரு பீரங்கிக் குழுவுக்கு, கமாண்டர். 27 மே 1942 அன்னிக்கு பிர் ஹக்கீம் சண்டைல காட்டுன துணிச்சலுக்கு டிஎஸ்ஓ விருது, ஆனா போர்க்கைதியா சிக்கிட்டாரு. இத்தாலி முகாம்ல இருந்து தப்பிச்சு, கணுக்கால் உடைஞ்சு, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனில ஸ்டாலாக் லுஃப்ட் மூணுங்கற முகாம்ல அடைச்சாங்க. அது விமானப்படை ஆளுங்களுக்கான முகாம், அங்க ஒரு பீரங்கி ஆபீசர் என்ன பண்றாருன்னு கேட்டா பதில் அந்த தப்பிச்ச கதைலதான் இருக்கு. 1966 ஜூன்ல ராணுவத் தளபதி ஆனாரு, 1969 வரைக்கும் இருந்தாரு, அவருக்கு அடுத்து வந்தவர்தான் மானெக்‌ஷா.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பிர் ஹக்கீம்னு தேடுனா உலகம் முழுக்க பிரெஞ்சுக்காரங்க கதைதான் வரும், அந்தக் கோட்டைய ஜூன் 10 ராத்திரி வரைக்கும் பிடிச்சு வச்சிருந்தது அவங்க. நம்ம 3வது இந்தியன் மோட்டார் பிரிகேடு இருந்தது அதுக்கு தென்கிழக்கே சில மைல் தள்ளி, மே 27 காலைலயே இத்தாலியோட அரியேட்டே டாங்கிப் படை வந்து மோதுனது அவங்க மேலதான். ஒரே பேரு, ரெண்டு இடம், ரெண்டு தேதி. உங்க ஐயா கதைலயும் இது வரும். விருதுல எழுதியிருக்கற ஊரும், அவர் பீரங்கி நின்ன வயக்காடும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டு தேதியோட ஒட்டிப் பாக்கணும்.

ஆர்ட்டிலரி ஆபீசர்னா என்ன வேலைன்னு தெரியாம எழுதுனா கதை சினிமா மாதிரி ஆயிடும், வாளத் தூக்கிட்டு ஓடுற மாதிரி. அங்க அப்படி கிடையாது. நம்ம கரைல கரைவலை போடுறப்ப மணல்மேட்டுல ஒருத்தர் நின்னு மீன் மந்தை எந்தப் பக்கம் போகுதுன்னு துண்ட வீசி கை காட்டுவாருல்ல, வள்ளத்துல இருக்கறவங்களுக்கு மந்தை தெரியாது, அவர் கைய நம்பித்தான் வலைய இறக்குவாங்க. ஓபி ஆபீசர் வேலை அதுதான். ஓபின்னா அப்சர்வேஷன் போஸ்ட், எதிரி கண்ணுக்கு தெரியற தூரத்துல, காலாட்படையோட ஒண்ணா படுத்துக்கிட்டு, குண்டு எங்க விழுந்துச்சு, இன்னும் எவ்ளோ கூட்டணும், இடமா வலமான்னு ஒயர்லெஸ்ல சொல்லணும். பின்னாடி பல கிலோமீட்டர் தள்ளி கன் பொசிஷன்ல இருக்கற ஆபீசர் அதக் கணக்குப் போட்டு பீரங்கிய திருப்பணும். கணக்கு கொஞ்சம் பிசகுனா நம்ம ஆளுங்க தலைலயே விழும். அதனால நல்ல ஆர்ட்டிலரி ஆபீசர்னா கோவக்காரர் இல்ல, நிதானக்காரர். எங்க ஐயா வீட்ல பேசுனதே குறைவு, எதச் சொன்னாலும் ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொல்வாருன்னு அத்தை சொன்னப்ப எனக்கு அது ஒயர்லெஸ் பழக்கமா இருக்குமோன்னு தோணுச்சு. அவருக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. ஊர்ல செவிட்டு சுபேதார்னு கூப்பிட்டிருக்காங்க. பீரங்கி பக்கத்துல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு அது வர்றது சகஜம், அந்தக் காலத்துல காதுக்கு சரியான பாதுகாப்பு ஏது.

என்ன பீரங்கின்னும் எழுதுங்க. அந்தக் காலத்துல பெரும்பாலும் 25 பவுண்டர், குண்டு எடை 25 பவுண்டு, சுமார் 11 கிலோ, 12 கிலோமீட்டர் வரைக்கும் போகும், ஆறு பேர் சேந்து இயக்கணும். 1965லயும் 1971லயும் கூட நம்ம ராணுவத்துல அது இருந்துச்சு. மலைப்பகுதின்னா 3.7 இஞ்ச் ஹவிட்சர், கழட்டி எட்டு கோவேறு கழுதை மேல ஏத்திரலாம். பர்மா காட்டுல அதுதான் கை குடுத்துச்சு. ஹவில்தார் உம்ராவ் சிங்னு ஹரியானாக்காரர், 1944 டிசம்பர்ல கலாடன் பள்ளத்தாக்குல தன் பீரங்கிய விட்டு நகராம, கடைசில குண்டு தீந்து ஒரு கனமான இரும்புத் தடியால அடிச்சு சண்டை போட்டு விக்டோரியா கிராஸ் வாங்குனாரு. அந்த பீரங்கி அன்னிக்கே மறுபடி சுட்டுச்சு. அவர் விருதுக் குறிப்ப படிச்சுப் பாருங்க, நேரம், தூரம், எண்ணிக்கைன்னு துல்லியமா இருக்கும். எழுதுறதுக்கு எனக்கு அதுதான் மாதிரி.

இனி ஊர்க்காரங்கள விசாரிக்கறது. இங்க நம்ம கரைக்கு ஒரு வசதி இருக்கு. எந்த வருஷம்னு கேட்டா வயசானவங்களுக்கு தெரியாது, "புயலுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேளுங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிய கடல் கொண்டு போனத யாரும் மறக்கல. பட்டாளத்துல இருந்து வந்தது புயலுக்கு முந்தின மழைக்காலமா, அதுக்கு அடுத்த வெயிலான்னு கேட்டா மாசம் வரைக்கும் சொல்லிடுவாங்க. 1965 சண்டை புயலுக்கு அடுத்த ஆவணி, புரட்டாசில நடந்தது, அதனால "புயலுக்கு லீவுல வந்துட்டுப் போனவரு மறுபடி ஒரு வருஷம் தகவலே இல்ல"ன்னு ஒரு அம்மா சொன்னா அது என்ன காலம்னு உங்களுக்குப் புரிஞ்சிடும். அதுக்கு முந்தி போகணும்னா 1942 ஆகஸ்ட் திருவாடானை ஜெயில் உடைப்பு, பிந்தினா 1988ல பாம்பன் ரோடு பாலம் திறந்தது, இப்படி ஊருக்கு தெரிஞ்ச விஷயத்த கொக்கியா மாட்டி கேளுங்க.

கேள்வி கேக்கறப்ப "எத்தனை பேர சுட்டாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க. என்ன சாப்பாடு போட்டாங்க, குளிருக்கு என்ன போத்திக்கிட்டாரு, இந்தி எப்படி கத்துக்கிட்டாரு, மணியார்டர் எவ்ளோ வரும், யார் போய் வாங்குவா, லீவுல வந்தா என்ன வாங்கிட்டு வருவாருன்னு கேளுங்க. அதுல இருந்து சண்டைக் கதை தானா வரும், வரலன்னா விட்டுருங்க. பொம்பளைங்கள தனியா உக்காத்தி வச்சு கேளுங்க, ஆம்பளைங்க கூட இருந்தா அவங்களே பேசிடுறாங்க. எங்க அப்பா சொன்னது எல்லாம் பெருமை, அத்தை சொன்னதுதான் தகவல். போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, ஆனா முதல்லயே சொல்லிட்டு. காது கேக்காத பெரியவர்னா கேள்விய பெருசா எழுதிக் காட்டுங்க, கத்தாதீங்க.

பேப்பர பாதுகாக்கறதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். லேமினேட் பண்ணாதீங்க. எங்க சித்தப்பா ஆசையா ஒரு கடைல குடுத்து டிஸ்சார்ஜ் புக் பக்கங்கள பிரிச்சு லேமினேட் பண்ணி வாங்கிட்டு வந்தாரு, சூட்டுல பழைய மை பரவி ஒரு பக்கம் படிக்கவே முடியல, இனி அத எடுக்கவும் வழி இல்ல. நம்ம கரைல உப்பும் ஈரமும் ஒரு பக்கம், கரையான் ஒரு பக்கம். முதல்ல நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து மூணு பேர் போன்ல வைங்க, பிறகு பேப்பர வெள்ள காட்டன் துணில சுத்தி தகர டப்பாவுல, தரைல படாம, சுவர ஒட்டாம வைங்க. மழைக்காலம் முடிஞ்சதும் நிழல்ல ஒரு நாள் ஆற விடுங்க, வெயில்ல போடாதீங்க.

எழுதுறப்ப நான் பண்ணது இது. ஒரு நோட்டுல இடது பக்கம் பேப்பர்ல இருக்கறது, வலது பக்கம் வீட்ல சொன்னது. ரெண்டையும் கலக்கல. 1941ல சேந்தது, பர்மா ஸ்டார், 1948 காஷ்மீர், 1954ல ஜமேதார், பிறகு சுபேதார், 1963ல ரிட்டையர், இது எல்லாம் இடது பக்கம். ரோமல் கதை வலது பக்கம். அத அழிக்கல, "வீட்டில் இப்படிச் சொல்லி வந்தோம், மெடல் வேறு சொல்கிறது"ன்னு எழுதிட்டேன். அப்பா முதல்ல முகம் குடுக்கல. ஒரு வாரம் கழிச்சு அவரே வந்து, பர்மா மழைல கோவேறு கழுதைய பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க நடந்தத ஐயா ஒரே ஒரு தடவ சொன்னாருன்னும், அத ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு தனக்கே தெரியலன்னும் சொன்னாரு. அது இப்ப வலது பக்கத்துல முதல் பாரா.

பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி வீட்ல மூத்தவங்களுக்கு முழுசா ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க, அவசரப்படாம, சத்தமா. ஓரத்துல எழுத இடம் விட்டு வைங்க. நான் அத்தைக்குப் படிச்சேன், 1963ல ரிட்டையர் ஆகி ராமநாதபுரம் ஸ்டேஷன்ல வந்து இறங்குனாருன்னு எழுதியிருந்தேன். அத்தை நிறுத்தச் சொன்னாங்க. "ராமநாதபுரம் இல்லப்பா, உச்சிப்புளி. நாந்தான் தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னேன், பெட்டிய மாட்டுவண்டில ஏத்திட்டு அவர் நடந்தே வந்தாரு"ன்னாங்க. வலது பக்கத்துல அத எழுதிட்டு, பேரு, தேதி போட்டு, அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டேன்.